டிரான்ஸ்ஃபார்மருக்காக 14 மாதம் அடக்கி வாசித்தேன்: ஒரு மின் நெகிழ்வுச் சேவை பற்றி

தெருவுக்கு வரும் மின்சாரம் நெருக்கடியாகும் நேரத்தில் நம் பயன்பாட்டைக் குறைத்துக்கொண்டால் காசு தரும் சேவை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு மூன்று. மின்கார் வைத்திருந்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அதைச் சார்ஜில் போடும் பழக்கமும் இருந்தால் நாலு கூடக் கொடுக்கலாம். கார் இல்லாமல் லைட்டையும் வாஷிங் மெஷினையும் நம்பிச் சேர்வதாக இருந்தால் ஒன்றரை. ஒரே சேவைக்கு ஏன் ஆளுக்கொரு மதிப்பெண் என்றால், அதுதான் இந்த விமர்சனமே. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகள் நிறைய வரும், அதில் பாதி இந்த நிறுவனத்தின் குறையே இல்லை, இந்த ஏற்பாட்டின் குறை. வேறு கம்பெனியில் சேர்ந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, விஷயம் என்ன? தெரு முனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. 400 கேவிஏ, அதாவது ஏறக்குறைய 400 கிலோவாட் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து 150 வீடுகளுக்குக் கரண்ட் போகிறது. 150 வீடும் ஒரே நிமிடத்தில் ஹீட்டர், ஏசி, அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் போடாது என்ற நம்பிக்கையில்தான் அந்த அளவை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குச் சராசரி 2 கிலோவாட் என்றால் 300, தாராளமாகத் தாங்கும். அப்புறம் மின்கார் வந்தது. வீட்டுச் சார்ஜர் ஒன்று 7 கிலோவாட் இழுக்கும், மணிக்கணக்கில், மூச்சு விடாமல். சாயங்காலம் ஆறு மணிக்கு 40 பேர் காரைச் செருகினால் 280 கிலோவாட் கூடிவிடுகிறது, கணக்கு போச்சு. நாட்டில் மின்சாரம் இல்லாமல் இல்லை. காற்றாலையும் சூரியத்தகடும் எங்கேயோ உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் தெருவுக்கு வந்து சேர வழி போதவில்லை, அவ்வளவுதான். இதைத்தான் நெரிசல் என்கிறார்கள்.

வழி போதவில்லை என்றால் உடனே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிடும் என்று இல்லை. சூடாகும். உள்ளே சுருளைச் சுற்றியிருக்கும் சாதாரணக் காகிதக் காப்புக்கு 98 டிகிரி வரைக்கும் இயல்பான ஆயுள், அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் மூப்பு இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களின் கணக்கு. நாற்பது வருஷம் ஓட வேண்டியது பத்துப் பதினைந்தில் போய்ச் சேரும். மாற்றலாம்தான், ஆனால் கேபிளும் சேர்த்து மாற்ற வேண்டும், தெருவைத் தோண்ட வேண்டும், அதுவும் ஒரு வருஷத்தில் மொத்தமாகச் சேர்த்தால் நூறு நூற்றைம்பது மணி நேர நெரிசலுக்காக. அதற்குப் பதிலாக அந்த மணி நேரங்களில் மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறாயா, காசு தருகிறேன் என்று விநியோக நிறுவனம் கேட்பதுதான் உள்ளூர் நெகிழ்வுச் சந்தை. நம்மிடம் நேரடியாகக் கேட்காது. ஒரு வீட்டின் 2 கிலோவாட்டை வாங்கி அது என்ன செய்யும்? நடுவில் அக்ரிகேட்டர் என்று ஒரு கம்பெனி ஆயிரக்கணக்கான வீடுகளைத் திரட்டி மூட்டையாகக் கட்டி ஏலத்தில் விற்கிறது. நான் விமர்சிப்பது அந்த நடுவில் இருக்கும் ஆளை.

சேர்வது சுலபம், அதில் குறையே இல்லை. செயலியை இறக்கி, மீட்டர் எண்ணைப் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை பதிவாகும் என் மின்பயன்பாட்டை அவர்கள் பார்க்கலாம் என்று ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. பழைய மீட்டர் என்றால் கிடையாது, ஸ்மார்ட் மீட்டர் கட்டாயம். முகவரியைப் போட்டதும் 'வாழ்த்துகள், நீங்கள் தேவையுள்ள பகுதியில் இருக்கிறீர்கள்' என்று வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் நண்பனுக்கு 'தற்போது தேவை இல்லை'. அவன் வேறு ஃபீடர், அதாவது அவன் வீட்டுக்குக் கரண்ட் வரும் கம்பிப் பாதை வேறு. தேசிய அளவில் நடக்கும் சேமிப்புத் திட்டங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான், அங்கே நீங்கள் எந்த மூலையில் இருந்தாலும் ஒரே மாதிரி, இங்கே கம்பி எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் உங்கள் தலையெழுத்து. அடுத்த வருஷம் அந்தத் தெருவில் புதுக் கேபிள் போட்டுவிட்டால் உங்கள் சந்தையே மூடிவிடும். இது சிறிய எழுத்தில் இருந்தது, சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் படித்தேன்.

குறைத்துக்கொள்ளச் சொல்லி முதல் அழைப்பு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முந்தின நாள் ராத்திரியே செய்தி: 'நாளை மாலை 5.30 முதல் 7.30 வரை'. வீட்டில் ஒரே உற்சாகம். அப்போது எங்களிடம் கார் இல்லை. 5.25க்கு மகள் ஒவ்வொரு அறையாகப் போய் ஸ்விட்சுகளை அணைத்தாள். டிவி கிடையாது, வாஷிங் மெஷின் கிடையாது, கூடத்தில் ஒரே ஒரு லைட். அம்மா இருட்டில் உட்கார்ந்துகொண்டு, "காசு கட்டித்தானே கரண்ட் வாங்குறோம், எதுக்குப்பா இந்தக் கூத்து" என்றார். இரண்டு மணி நேரம் நால்வரும் கூடத்தில் முடங்கிக் கிடந்தோம். மறுநாள் மதியம் முடிவு வந்தது: நீங்கள் குறைத்தது 0.6 யூனிட்.

அரை யூனிட்டுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரிதான். 9 வாட் எல்இடி பல்பு ஆறு அணைத்தால் 54 வாட், இரண்டு மணி நேரத்துக்கு 0.1 யூனிட் சொச்சம். டிவி ஒரு 0.2. மிச்சம் எல்லாம் வாஷிங் மெஷினைத் தள்ளிப்போட்டதில் வந்தது. லைட்டை அணைப்பதால் கரண்ட் மிச்சமாகும் என்பது குண்டு பல்பு காலத்துப் புத்தி, நமக்குள் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும் சாமான்கள் சூடாக்குபவை, குளிராக்குபவை, காரை நிரப்புபவை, இவ்வளவுதான். மற்றதெல்லாம் சில்லறை. இதை அந்தச் செயலி முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, 'உங்கள் குடும்பமே சேர்ந்து பங்கேற்கலாம்' என்று மெழுகுவர்த்திப் படம் போட்டிருந்தார்கள்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பிரிட்டனில் 2022 நவம்பரில் தொடங்கி 2023 மார்ச் வரை தேசிய அளவில் இப்படி ஒரு திட்டம் நடந்தது. அது உள்ளூர் நெரிசலுக்கானது இல்லை, நாட்டுக்கே மின்சாரம் போதாமல் போகுமோ என்ற பயத்தில் வந்தது. 16 லட்சம் வீடுகளும் வணிக இடங்களும் சேர்ந்தன, மொத்தம் 22 அழைப்புகள், மக்கள் குறைத்துக்கொண்ட மின்சாரம் 3,300 மெகாவாட் மணிக்கு மேல் (ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட்). பெரிய எண் மாதிரி தெரிகிறதா? வகுத்துப் பாருங்கள், தலைக்கு முழுக் குளிர்காலத்துக்கும் சுமார் 2 யூனிட். இத்தனை லட்சம் பேர் கூப்பிட்டதும் வந்தார்களே என்பது நிஜமாகவே பெரிய விஷயம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் தனி ஒரு வீடாக இருட்டில் உட்கார்ந்து சாதிப்பது இவ்வளவுதான்.

இரண்டாவது மாதம் வாட்டர் ஹீட்டரை இணைத்தோம். ஒரு பையன் வந்து ஹீட்டருக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ரிலேவை, அதாவது அவர்கள் தூரத்திலிருந்தே இயக்கும் ஸ்விட்சை, மாட்டிவிட்டுப் போனான், அரை மணி நேர வேலை. 3 கிலோவாட் ஹீட்டர், 150 லிட்டர் டேங்க். டேங்க்கில் சூடு பல மணி நேரம் நிற்கும் என்பதால் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது என்றார்கள். பெரும்பாலும் தெரியவில்லைதான். ஒரு நாள் மட்டும் பிள்ளைகள் இருவரும் வரிசையாகக் குளித்துவிட்டு வந்த பிறகு அம்மா போனார், அழைப்பு நேரம், ஹீட்டர் பூட்டி இருக்கிறது. "தண்ணி பச்சையா வருதுப்பா" என்று குரல். செயலியைத் திறந்து 'இந்த முறை வேண்டாம்' பொத்தானைத் தேடினேன். முகப்பில் இல்லை. அமைப்புகளுக்குள் போய், சாதனங்களுக்குள் போய், ஹீட்டரைத் தொட்டு, கீழே உருட்டி, மூன்றாவது திரையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக இருந்தது. அழுத்தினால் 'நிச்சயமாகவா? உங்கள் தொடர் சாதனை முறிந்துவிடும்' என்று கேட்கிறது. இதற்காகவே அரை மதிப்பெண் குறைத்தேன். வெந்நீருக்காகக் காத்து நிற்கும் வயசான மனுஷியிடம் போய்த் தொடர் சாதனையைப் பற்றிப் பேச முடியுமா? (இப்போது பொத்தானை முதல் திரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதையும் சொல்ல வேண்டும்.)

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன்: பேஸ்லைன். நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள் என்று மீட்டருக்குத் தெரியாது. எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்று மட்டும்தான் தெரியும். அழைப்பு வராமல் இருந்திருந்தால் எவ்வளவு பயன்படுத்தியிருப்பீர்கள் என்று ஒருவர் ஊகிக்க வேண்டும், அந்த ஊகத்திலிருந்து உண்மையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் சம்பளம். எங்கள் சேவையில், கடந்த 10 வேலை நாட்களில் அதே நேரத்தில் நீங்கள் இழுத்ததன் சராசரி. அழைப்பு வந்த நாட்களைச் சேர்க்க மாட்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா?

நாங்கள் குடும்பத்தோடு இரண்டு வாரம் வெளியூர் போனோம். வீட்டில் ஃப்ரிட்ஜும் வைஃபை பெட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்த மறுநாளே அழைப்பு. ஹீட்டர் நின்றது, வாஷிங் மெஷின் நின்றது, மூட்டை மூட்டையாக அழுக்குத்துணி காத்திருந்தது. முடிவு: 'நீங்கள் வழக்கத்தை விட 0.9 யூனிட் அதிகம் பயன்படுத்தியுள்ளீர்கள்'. அவர்கள் கணக்குப்படி என் வழக்கம் என்பது ஆளில்லாத வீடு. கேட்டதற்கு வாடிக்கையாளர் சேவையிலிருந்து மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது, மரியாதையான பதில், கணக்கு முறை ஒப்பந்தத்தின் இணைப்பில் உள்ளது என்றார்கள். உள்ளதுதான். ஆனால் இணைப்பில் உள்ள சூத்திரத்தை வைத்து என் எண்ணை நானே சரிபார்க்க வேண்டுமானால் எந்த 10 நாளை எடுத்தார்கள் என்று தெரிய வேண்டுமே? அது செயலியில் எங்கேயும் இல்லை. ஒரு கடையில் எடை போட்டால் தராசு முள் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இங்கே தராசு உள்ளறையில் இருக்கிறது, எடை மட்டும் வெளியே வந்து சொல்கிறார்கள்.

அப்புறம் 'அன்றைய நாள் திருத்தம்' என்று இன்னொன்று உண்டு. அழைப்புக்கு முந்தைய சில மணி நேரத்தில் நீங்கள் வழக்கத்தை விடக் கம்மியாக இழுத்தால், சரி, இன்றைக்கு இந்த வீடே மந்தம் என்று பேஸ்லைனைக் கீழே இறக்குவார்கள். நல்ல பிள்ளையாக மதியம் மூன்று மணிக்கே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்த நாட்களில் எனக்குக் கம்மியாகவும், சோம்பேறித்தனமாக 5.29 வரை எல்லாவற்றையும் ஓடவிட்டு நிறுத்திய நாட்களில் அதிகமாகவும் வந்ததை மூன்று மாதம் குறித்து வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முன்கூட்டியே அடக்கமாக இருந்தால் தண்டனை. இதையும் யாரும் சொல்வதில்லை.

ஐந்தாவது மாதம் கார் வந்தது. அதற்குப் பிறகு நடந்தது வேறு கதை. சார்ஜரைச் செயலியோடு இணைத்தேன், 'காலை 7 மணிக்குள் 80 சதவீதம்' என்று ஒருமுறை சொன்னேன், அவ்வளவுதான் என் வேலை. வேலையிலிருந்து வந்ததும் செருகிவிடுவேன். அழைப்பு இருந்தால் சார்ஜர் தானே பொறுத்திருந்து, முடிந்ததும் தானே தொடங்கும். வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. தினமும் ஓடுவதற்கு 7, 8 யூனிட் போதும், அது எட்டு மணிக்குப் போனால் என்ன, ராத்திரி இரண்டுக்குப் போனால் என்ன? ஒரு அழைப்புக்குச் சராசரி 4 யூனிட்டுக்கு மேல் வர ஆரம்பித்தது. கார் இல்லாத நாலு மாதத்தில் 17 அழைப்பு, மொத்தம் 11 யூனிட். கார் வந்த பத்து மாதத்தில் 44 அழைப்பு, சுமார் 190 யூனிட். முதல் நாலு மாதம் மகள் ஓடியாடி ஸ்விட்ச் அணைத்ததெல்லாம் இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் வருத்தமும் வருகிறது.

ஒருமுறை சொதப்பியது. அழைப்பு முடிந்து சார்ஜர் திரும்பத் தொடங்கவே இல்லை. காலையில் போய்ப் பார்த்தால் 31 சதவீதம். சர்வருக்கும் சார்ஜருக்கும் இடையே ஏதோ தொடர்பு அறுந்து, 'நிறுத்து' போய்ச் சேர்ந்திருக்கிறது, 'தொடங்கு' போகவில்லை. தொடர்பு போனால் சார்ஜர் தன் பாட்டுக்கு ஓட வேண்டும் என்றுதானே வைத்திருக்க வேண்டும்? எங்களுடையது நின்றபடியே நின்றது. அன்றைக்கு நான் பேருந்தில் போனேன். மன்னிப்பும், ஒரு அழைப்புக்குரிய தொகையும் கொடுத்தார்கள். சேரும் முன் இதை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: இணையம் போனால் என் சாதனம் எந்த நிலையில் நிற்கும்?

இன்னொன்று, ரீபவுண்டு. 7.30க்கு அழைப்பு முடிந்ததும் பகுதியில் உள்ள எல்லாக் கார்களும் எல்லா ஹீட்டர்களும் ஒரே நொடியில் எழுந்தால் 7.31க்கு என்ன ஆகும்? மலையை நகர்த்திப் பக்கத்தில் வைத்தது மாதிரிதான். ஆரம்பத்தில் அப்படித்தான் நடந்தது என்று நினைக்கிறேன், என் சார்ஜர் மிகச்சரியாக 7.30.00க்கு டக்கென்று சத்தம் போட்டு ஆரம்பிக்கும். சில மாதம் கழித்து 7.34, 7.51, 8.12 என்று தாறுமாறாகத் தொடங்க ஆரம்பித்தது. வேண்டுமென்றே சிதறவிடுகிறார்கள். நல்ல திருத்தம், அறிவிப்பே இல்லாமல் செய்தார்கள்.

பணம். 14 மாதத்தில் எனக்கு வந்தது எங்கள் ஒரு மாத மின்கட்டணத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கார் வந்த பிறகு எந்தச் சிரமமும் இல்லாமல் வந்தது என்பதால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். விநியோக நிறுவனம் இரண்டு வகையில் பணம் தருகிறது, தயாராக இருப்பதற்கு ஒன்று, உண்மையில் குறைத்ததற்கு ஒன்று. எங்களுக்கு இரண்டாவதில்தான் பங்கு. தயார்நிலைப் பணம் முழுக்க நடுவில் இருப்பவரிடம் நின்றுவிடுகிறது போலிருக்கிறது, எவ்வளவு என்று கேட்டால் வணிக ரகசியம். சாப்ட்வேர், ரிலே, அழைப்பு தவறினால் அபராதம் எல்லாம் அவர் தலையில் என்பது எனக்கும் புரிகிறது. ஆனாலும் விகிதத்தையாவது சொல்லலாம்.

இப்போது பக்கத்து வீட்டு அக்கா கதை. அவருக்கு எனக்கு முன்னாலிருந்தே மின்கார் உண்டு. விவரமானவர், சாயங்காலம் தெருவில் வோல்டேஜ் இறங்குவதைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலேயே தினமும் நடுராத்திரிக்கு மேல்தான் சார்ஜ் ஆகும்படி டைமர் வைத்திருக்கிறார். நான் சொல்லித்தான் இந்தச் சேவையில் சேர்ந்தார். நாலு மாதத்தில் அவருக்கு வந்தது கிட்டத்தட்ட பூஜ்யம். ஏனென்றால் அவருடைய பேஸ்லைனில் சாயங்காலம் கார் கிடையாது, இல்லாததை எப்படிக் குறைப்பது? "ஏன் தம்பி, சாயங்காலம் போட்டுட்டு நிறுத்துறவனுக்குக் காசு, போடவே போடாதவளுக்கு ஒண்ணுமில்லையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்ததாக ஒன்று கேட்டார் பாருங்கள்: "அப்ப நானும் பத்து நாள் சாயங்காலமே செருகிக் காட்டட்டுமா?"

விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் அந்தக் கேள்வி இந்தச் சந்தைகளின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி. நெரிசலைக் குறைத்தால் காசு என்றால், முதலில் நெரிசலை உண்டாக்கி அப்புறம் குறைக்கலாமே? கலிபோர்னியாவில் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் மின்னுற்பத்தியாளர்கள் இதைப் பெரிய அளவில் செய்தார்கள், நெரிசல் வரும் என்று தெரிந்தே அதிகமாக விற்றுவிட்டு, பிறகு குறைப்பதற்குப் பணம் வாங்கினார்கள். ஜெர்மனியின் வடமேற்கில் 2019இல் எனேரா என்ற பெயரில் ஒரு உள்ளூர் நெகிழ்வுச் சந்தையை நடத்திப் பார்த்தார்கள், காற்றாலைகள் நிறைந்த பகுதி. தொழில்நுட்பமாக ஓடியது. ஆனால் இந்தத் தில்லுமுல்லு பயத்தைப் பொருளாதார நிபுணர்கள் கிளப்பிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் ஜெர்மனி வீட்டுச் சாதனங்களுக்குச் சந்தை வழியில் போகவில்லை. 2024 ஜனவரி 1 முதல் அங்கே புதிதாக மாட்டும் 4.2 கிலோவாட்டுக்கு மேற்பட்ட கார் சார்ஜர், ஹீட் பம்ப் (வீட்டைச் சூடாக்கும் மின்கருவி) எல்லாம் கட்டுப்படுத்தக் கூடியதாக இருக்க வேண்டும். நெரிசல் வந்தால் விநியோக நிறுவனம் அவற்றை 4.2 கிலோவாட் வரை இறக்கலாம், மொத்தமாக நிறுத்த முடியாது. பதிலுக்கு மின்தடக் கட்டணத்தில், அதாவது மின்கம்பிகளைப் பயன்படுத்துவதற்கான கட்டணத்தில், தள்ளுபடி. ஏலமும் இல்லை, பேஸ்லைனும் இல்லை.

நெதர்லாந்தில் நிலைமை இன்னும் கடுமை, புது மின் இணைப்புக்கு ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. அங்கே தேசிய மின்தட நிறுவனமும் பகுதி விநியோக நிறுவனங்களும் சேர்ந்து 2019இல் கோபாக்ஸ் என்ற மேடையைத் தொடங்கின. நெரிசலுக்கு இந்தப் பக்கம் ஒருவர் குறைத்தால் அந்தப் பக்கம் இன்னொருவர் ஈடுகட்ட வேண்டும், இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மின்தட நிறுவனம் கொடுக்கும். அழகான ஏற்பாடு, ஆனால் அது பெரும்பாலும் பசுமைக்குடில், தொழிற்சாலை அளவிலான ஆட்களின் விளையாட்டு. என் கவனத்தைப் பிடித்தது அங்குள்ள இன்னொரு ஒப்பந்தம்: 'சொல்லும் நேரத்தில் இத்தனை கிலோவாட்டுக்கு மேல் போக மாட்டேன்' என்று ஒரு உச்ச வரம்பை ஒப்புக்கொள்வது. எவ்வளவு குறைத்தாய் என்று யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. மீட்டர் வரம்பைத் தாண்டியதா, இல்லையா, அவ்வளவுதான் கேள்வி.

இதை வீடுகளுக்கும் கொண்டுவந்தால் அக்காவுக்குப் பணம் கிடைக்கும். 'சாயங்காலம் 5லிருந்து 8 வரை 2 கிலோவாட்டுக்கு மேல் போக மாட்டேன்' என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார், ஏற்கனவே அப்படித்தானே இருக்கிறார்? சும்மா இருப்பவருக்கு எதற்குப் பணம் என்று எங்கள் சேவைக்காரர்கள் என்னிடம் எழுதினார்கள், நான் யோசனை சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பியபோது. ஏற்கனவே நடப்பதற்குப் பணம் கொடுப்பது வீண் செலவாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. அக்கா நாளைக்கே டைமரை எடுத்துவிட்டு ஆறு மணிக்குச் செருகலாம், தடுக்க யாரும் இல்லை. அவர் செருகாமல் இருப்பதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. அந்த உத்தரவாதத்துக்கு விலை இல்லை, நான் பண்ணும் கண்ணாமூச்சிக்கு விலை உண்டு என்றால், பத்து வீட்டில் ஒருவராவது டைமரை எடுக்கத்தான் போகிறார்.

என்னைக் கேட்டால் இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். இரவில் மலிவான கட்டணம் உள்ள மின் திட்டம் உங்களுக்குக் கிடைக்கிறதா, முதலில் அதை எடுங்கள், கார் இருக்கிறவர்களுக்கு அதில் மிச்சமாவது இந்தச் சேவையைப் போலப் பல மடங்கு. எங்கள் திட்டத்தில் எல்லா நேரமும் ஒரே விலை, அதனால்தான் நான் இதில் இருக்கிறேன். அப்புறம், உங்களுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனம் 'எங்களைக் கேட்காமல் வேறு அக்ரிகேட்டரிடம் சேர முடியாது' என்று சொன்னால், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் 2019ஆம் ஆண்டு மின்சந்தை நெறிமுறையை எடுத்துக் காட்டுங்கள், விற்பவரின் சம்மதம் இல்லாமலேயே சேரும் உரிமை அதில் உண்டு. சேரும் முன் பேஸ்லைனுக்கு எந்த நாட்களை எடுக்கிறார்கள் என்பதைக் காட்டுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். 'காட்ட மாட்டோம்' என்றால் இன்னொரு கம்பெனியைப் பாருங்கள். ரிலே மாட்ட வருபவர் ஹீட்டரின் பக்கத்திலேயே கையால் தட்டும் ஒரு ஸ்விட்சும் வைத்துத் தருவாரா என்றும் கேளுங்கள், வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் செயலி இருக்காது.

போன மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. காரை மட்டும் விட்டுவைத்து ஹீட்டரை எடுத்துவிட்டேன். ரிலேவைக் கழற்ற வந்ததும் அதே பையன்தான், என்னைப் பார்த்துச் சிரித்தபடி, "ஹீட்டர் போட்டவங்க பாதிப் பேர் எடுத்துட்டாங்க சார், கார் போட்டவங்க யாரும் எடுக்கல" என்றான்.